பனி சேர்த்துவைத்த விண்கற்கள்

1969 டிசம்பர். அன்டார்க்டிகாவின் யமாத்தோ மலைகளுக்கு அருகே பனிப்படலத்தின் நகர்வை அளந்துகொண்டிருந்த ஜப்பானியக் குழுவின் கண்ணில் ஒன்பது கற்கள் பட்டன. கல் தேட வந்தவர்கள் அல்ல. ஆனாலும் பொறுக்கி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அக்கறைக்காகவே அவர்களைக் கொண்டாடலாம். ஒன்பதும் விண்கற்கள். அதைவிட வியப்பு, அவை வெவ்வேறு வகை. ஒரே கல் உடைந்து சிதறியிருந்தால் எல்லாம் ஒரே வகையாக அல்லவா இருக்க வேண்டும்? வெவ்வேறு காலத்தில் விழுந்தவை ஓரிடத்தில் கூடியது எப்படி?

பனிதான் சுமந்து வந்திருக்கிறது. பனிப்பரப்பில் விழும் விண்கல் மெல்லப் புதைகிறது. பனிப்படலமோ தன் எடையாலேயே கடலை நோக்கி நகர்கிறது. வழியில் மலை மறித்தால், அடியிலுள்ள பழைய பனி மேலே ஏறுகிறது. அங்கே ஓயாமல் வீசும் வறண்ட காற்றில் அது உருகாமலே ஆவியாகிறது. உப்பளத்தில் நீர் வற்ற உப்பு தங்குவதுபோல, நீலப் பனியின் மேல் கற்கள் தங்கிவிடுகின்றன. காற்றில் உரசி எரிந்து கருத்த மேலோடு அவற்றை எளிதில் காட்டிக்கொடுக்கும்.

இப்படிக் கிடைத்த கற்களைப் பேணும் ஜப்பானின் தேசியத் துருவ ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது 1973-ல்தான். இன்று தோக்கியோவை அடுத்த தச்சிக்காவாவில் இயங்கும் அதனிடம் சுமார் 17,000 விண்கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ‘யமாத்தோ 791197’ என்றால், முதல் இரண்டு இலக்கங்கள் 1979-ஐக் குறிக்கும். வெறும் 52 கிராம் எடையுள்ள அந்தத் துண்டு, நிலாவில் ஏதோ மோதியதில் தெறித்து வந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. ‘யமாத்தோ 000593’ செவ்வாயின் எரிமலைப் பாறை, 13.7 கிலோ. அது உருவாகி ஏறக்குறைய 130 கோடி ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாயிலிருந்து எந்த விண்கலமும் இதுவரை ஒரு கல்லைக்கூடக் கொண்டுவந்ததில்லை என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

அன்டார்க்டிகாவிலுள்ள ஷோவா நிலைய ஆய்வுகள், அங்கேயே டோம் ஃபுஜியில் 3,035 மீட்டர் ஆழம்வரை துளைத்தெடுத்த பனித்தண்டு என இந்த நிறுவனத்தின் மற்ற பணிகளும் பெரியவை. அந்தத் தண்டு 7,20,000 ஆண்டுக் காலநிலையைச் சொல்கிறது. அதற்கே தனிக் கட்டுரை வேண்டும்.

கல் வேட்டையும் ஓயவில்லை. 2013 ஜனவரியில் பெல்ஜிய ஆய்வாளர்களோடு பனி ஸ்கூட்டர்களில் தேடியபோது, 18 கிலோ விண்கல் ஒன்று அகப்பட்டது.