குளியலறைக்குள் ஒரு கடற்கரை

மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஹனூரிலிருந்து கடல் வெகு தொலைவு. ஆயினும் பழைய குளியலறையைப் புதுப்பிக்கையில் அலையின் நீலமும் மணலின் வெண்மையும் வேண்டுமென்று அங்குள்ளவர் விரும்புவதில் தவறில்லை. அந்த நீலத்தைச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். தரைக்கு நிறம் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

கடையில் மின்னும் டைல்ஸ், சோப்பு நீர் பட்டால் வழுக்கும். முதியோருக்கு ஒரு சறுக்கலே இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும். பிடிப்புத் தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிப்பிடுவர். எண் கூடக் கூடப் பிடிப்பு மிகும். ஈரத் தரைக்கு ஆர் 10-க்குக் குறையாமல், இயன்றால் ஆர் 11 கேளுங்கள். விட்ரிஃபைடு வகை 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சுவருக்கான பீங்கான் வகையோ 10 விழுக்காட்டையும் தாண்டும். மலிவென்று அதனைத் தரையில் பதிக்கலாகாது.

கைவேலைப்பாட்டை விரும்புவோர் காரைக்குடி அருகேயுள்ள ஆத்தங்குடியை நாடுவர். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துச் செய்யும் கல் அது. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அமிலம் பட்டால் சிமென்ட் அரிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கறையைப் போக்க ஆசிட் ஊற்றும் வழக்கமுள்ள வீடுகளில், நீர் தேங்காத கைகழுவும் பக்கத்தோடு அதனை நிறுத்திக்கொள்வதே நலம்.

சிறு சதுர டைல்ஸ் வடிகால் சரிவுக்கு நன்கு இணங்கும். இணைப்புக் கோடுகள் மிகுவதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். கோடுகளுக்கு எபாக்ஸி இடுவது செலவுதான், எனினும் எளிதில் கறை ஏறாது. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு டைல்ஸைக் கூடுதலாகச் சேர்த்து, ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். மறு தொகுதியில் அதே நீலம் சற்று வேறுபடலாம். மிஞ்சியவற்றைப் பரணில் பத்திரப்படுத்துங்கள்.