பாவு முடியும் இடைவெளியில் ஒரு மலை ரயில் பிரயாணம்

கோடை விடுமுறை என்பது உத்தியோகஸ்தர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியது. தறியில் அமர்ந்தவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் அது எதற்கு என்று நம் அங்கத்தினர்களில் பலர் எண்ணுகிறார்கள். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் எல்லாம் இந்தச் சொல்லை நாம் கேட்டிருக்கிறோம். வேறு எங்கும் கேட்பானேன்? நம் வீட்டிலேயே முப்பது வருஷ காலம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நம் தகப்பனார் சிறுமுகையில் பட்டுச் சேலை நெய்பவர். குழித்தறியில் அமர்ந்தபடி சன்னல் வழியாகப் பார்த்தால் நீலமலை தெரியும். அந்த மலைமீது ஏறும் ரயிலில் ஒரு தரமேனும் போய்வர வேண்டுமென்பது நம் தாயாருக்கு ஆசை. கேட்கும்போதெல்லாம் தகப்பனார், "இந்தப் பாவு முடியட்டும், போலாம்" என்பார். பாவு முடியும், மறுநாளே புதுப் பாவு பிணைப்பார். ஒரு பாவின் கடைசி இழையிலேயே அடுத்த பாவின் முதல் இழையை முடிவது நெசவாளர் வழக்கம். மூன்று வருஷங்களுக்கு முன் தாயார் காலமானார். மலை இருந்த இடத்தில் இருக்கிறது. ரயிலும் நாள்தோறும் போய்வருகிறது.

ஆகவே இந்தக் கோடையில் தகப்பனாரையாவது அழைத்துச் செல்வது என்று நாமும் நம் இல்லத்தரசியும் தீர்மானித்தோம். அதற்காக வகுத்த திட்டத்தையே இங்கே அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம். நம்மைப் போன்ற வருமானமுள்ள குடும்பங்கள் இரண்டு நாட்களில், கடன்படாமல், இதை நிறைவேற்ற முடியும்.

மேட்டுப்பாளையத்தின் பழமை

நாம் செல்லவிருக்கும் மேட்டுப்பாளையம் கோயமுத்தூரிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தூரத்தில், பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது. பாக்கு, வாழை, உருளைக்கிழங்கு வியாபாரத்துக்காக அங்கே போகாத விவசாயி நம் பக்கத்தில் குறைவு. ஆனால் அவ்வூர் ரயில் சரித்திரத்தில் பெற்றிருக்கும் இடத்தை அறிந்தவர் அதிகமில்லை.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற ரயில்பாதை 1862ஆம் வருஷத்தில் முழுமை பெற்றது. அது போத்தனூர் வழியாகப் போயிற்று. போத்தனூரிலிருந்து கோயமுத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை கிளைப் பாதை 1873இல் திறக்கப்பட்டது. அதற்கு மேலே மலை. மலைக்குச் செல்வோர் குதிரை வண்டியிலும் பல்லக்கிலும் ஏறிச் சென்றார்கள்.

மலைமீது ரயில் விடும் யோசனை 1854லேயே எழுந்தது. சுவிட்சர்லாந்தில் 1871இல் ரிகி மலைக்குப் பற்பாதை அமைத்துப் புகழ்பெற்ற ரிக்கன்பாக் என்ற பொறியாளர் 1882இல் இங்கு வந்து திட்டமும் மதிப்பீடும் கொடுத்தார். 1885இல் இதற்கென ஒரு கம்பெனி ஏற்பட்டு, 1891இல் வேலை தொடங்கிற்று. வேலை முடியுமுன்பே அந்தக் கம்பெனி நொடித்துப்போயிற்று. புதிய கம்பெனி ஒன்று வந்து காரியத்தைத் தொடர்ந்தது. 1899 ஜூன் 15ஆம் நாள் குன்னூர் வரையிலும், 1908 அக்டோபரில் உதகமண்டலம் வரையிலும் பாதை திறக்கப்பட்டது. எண்ணத்துக்கும் முடிவுக்கும் இடையே 54 வருஷங்கள்! ஒரு நல்ல காரியம் ஒரு தடவை முறிந்தால் கைவிடலாகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

டார்ஜிலிங் மலை ரயிலை 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ ஸ்தாபனம், 2005இல் நமது நீலகிரி மலை ரயிலையும் அதனோடு சேர்த்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் நிலையத்தை ஒட்டியுள்ள சிறு காட்சிசாலையில் இதன் பழைய கருவிகளையும் படங்களையும் காணலாம்.

ரயில் மலை ஏறும் விதம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலும், உதகை 2203 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையே பாதையின் நீளம் 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 16 குகைகள், 208 வளைவுகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பாதை, 12 அடி சென்றால் ஓர் அடி உயரும்படி எழுகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் இந்தச் சரிவைப் பற்றாது, வழுக்கும்.

இதற்கு ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர் கண்ட உபாயமே இங்கு பயன்படுகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வரும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒரு பல் விடுபடும் முன்பே மற்றொரு பல் பிடித்துக்கொள்வதால் வண்டி பின்வாங்குவதில்லை. நெய்த துணியைச் சுற்றும் மரத்தில் பற்சக்கரமும் தடுப்பும் இருந்து, சுற்றிய துணி அவிழாமல் காப்பதை நெசவாளர் அறிவார்கள். தறியில் துணியைக் காக்கும் தந்திரம் இங்கே மனிதரைக் காக்கிறது.

நீராவி எஞ்சின் ஏறும்போது வண்டிக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் தடை போடுகிறவர் ஒருவர் நின்று, கொடி காட்டி வழி பார்க்கிறார். பற்சட்டமுள்ள பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் வேகமில்லை. குன்னூருக்கு மேலே பற்சட்டம் கிடையாது. டீசல் எஞ்சின் மாற்றப்படுகிறது. இந்தியாவில் பற்சட்டம் கொண்டு ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

சென்ற வருஷம் செய்த தவறு

சென்ற கோடையில் நாம் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறோம். பிறர் அதைச் செய்யாதிருக்க வேண்டும். "பக்கத்து ஊர் ரயில்தானே" என்ற எண்ணத்தில் முன்பதிவு செய்யாமல் தகப்பனாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விடியுமுன் நிலையம் சென்றோம். முன்பதிவில்லாத சீட்டுகள் சிலவே. அவற்றுக்கு நமக்கு முன் நின்றவர்கள் பலர். வரிசை நம்மிடம் வருவதற்குள் சீட்டு தீர்ந்தது. வண்டி புறப்பட்டு வளைவில் மறையும்வரை குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் கோபிக்கவில்லை. "சரி கண்ணு, வூட்டுல பாவு கெடக்குது" என்றார். அந்த வார்த்தை நம்மைக் குத்தியது போல எந்தக் கோபமும் குத்தியிராது.

திட்டத்தின் விவரம்

முதலாவது, நாள் குறித்தல். நெசவாளர் குடும்பம் பாவு முடியும் நாளைக் கணக்கிட்டு, அடுத்த பாவை நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்வதாகச் சங்கத்தில் முன்னரே சொல்லிவைக்கலாம். தகப்பனார் இம்முறை அவ்வாறே சொல்லிவிட்டார். விவசாயிகளுக்கு மஞ்சள் வெட்டி முடித்து, அடுத்த நடவுக்கு நிலத்தைத் தயார் செய்யும் இடைக்காலம் தோது. மாடு கன்றுகளை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். அண்டை வீட்டார் இருவர் பேசிக்கொண்டு, இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர் என்று போய்வந்தால் தீர்ந்தது. கூட்டுறவு சங்கக் கட்டடத்துக்குள் மட்டும் இருந்தால் போதாதல்லவா? மே மாதத்தில் உதகையில் மலர்க் காட்சியும் குன்னூரில் பழக் காட்சியும் நடக்கும். அவற்றைக் காண வேண்டாதவர்கள் அந்த நாட்களையும் சனி, ஞாயிறுகளையும் தவிர்த்தால் நெரிசலில்லை.

இரண்டாவது, சீட்டு. 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் ரயில்வே முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. எனவே புறப்படும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு தொடங்கும் காலையில் தயாராக இருக்க வேண்டும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பஸ்ஸில் குன்னூர் சென்று அங்கிருந்து உதகைக்கு ரயிலேறலாம். அந்தப் பகுதியில் தினம் பல வண்டிகள் உண்டு. பற்பாதை அனுபவம் மட்டும் கிட்டாது.

மூன்றாவது, பணம். நகையை அடகு வைத்து உல்லாசப் பிரயாணம் போவதை நாம் ஒப்புவதில்லை. நகைக்கடன் பயிருக்கும் நோய்க்கும் உரியது. சங்கத்தில் மாதம் 500 ரூபாய் வீதம் தொடர் வைப்பு செலுத்தினால் 12 மாதத்தில் 6000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் நிற்கும். சென்ற வருஷம் ஏமாந்து திரும்பிய மறுவாரமே நம் இல்லத்தரசி இந்தக் கணக்கைத் தொடங்கினார். செலவை எழுதும்போது ரயில், பஸ், தங்கும் அறை, ஆகாரம் இவற்றோடு தறி நிற்கும் நாட்களின் கூலி நஷ்டத்தையும் எழுதுங்கள். மறைத்து எழுதிய செலவே பிற்பாடு மனஸ்தாபமாக முளைக்கிறது.

இரண்டு நாட்கள்

முதல் நாள் கோயமுத்தூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் மேட்டுப்பாளையம் சென்று, வனபத்திரகாளியம்மன் கோயிலில் தரிசனம் செய்து, அங்கேயே இரவு தங்குவது உத்தமம். மலை ரயில் காலை ஏழு மணியை ஒட்டிப் புறப்பட்டுவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. பவானி ஆறு அமைதியாகத் தோன்றினாலும், மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் திடீரென்று பெருகும். குழந்தைகளை ஆற்றில் இறங்க விடலாகாது.

அதிகாலையில் எழுபவர்களாகிய விவசாய அங்கத்தினர்கள் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மண்டியைப் பார்க்கத் தவறக்கூடாது. மலையில் உருளைக்கிழங்கு விளைத்தவர்கள் கமிஷன் வியாபாரிகளின் கணக்குக்குக் கட்டுப்பட்டிருந்த காலத்தில், 1935இல் தோன்றிய சங்கம் அது. விளைச்சலை ஒருசேர இறக்கி, பகிரங்கமாக ஏலம் விடும் முறையை நேரில் காண்பது, நாம் நடத்தும் பத்துக் கூட்டங்களுக்குச் சமம்.

இரண்டாம் நாள் காலை ரயில். கல்லாறு வரை பாக்குத் தோப்புகள். பிறகு காடும் பள்ளத்தாக்கும். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். அங்கே குரங்குகள் அதிகம். பலகாரப் பொட்டலத்தைக் கையில் வைத்திருப்பவர் பிறகு வருந்த நேரும். குன்னூரை அடையச் சுமார் மூன்றரை மணி நேரமாகும். உதகை வரை போகாமல் நாம் குன்னூரிலேயே இறங்கத் தீர்மானித்திருக்கிறோம். தகப்பனாருக்குக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்தே முழங்கால் பழுதாகிவிட்டது. நெருக்கமான இருக்கையில் ஐந்து மணி நேரம் அவரால் ஆகாது. 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்காவில் நிழலில் அமர்ந்திருந்து, மாலை பஸ்ஸில் இறங்கி வரலாம். கோடையில் பழம் வாங்க விரும்புவோருக்குப் பர்லியாறு வழியில் இருக்கிறது. மங்குஸ்தான் அங்கே விளைவது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நீலகிரியில் தடை உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் செல்வோர் இ-பாஸ் பெறவேண்டுமென்று உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 என்று வரம்பு விதிக்கப்பட்டது. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் செல்லும் நமக்கு அந்தத் தொல்லையில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நிற்பது வழக்கம். கோடையிலும் பெருமழைக்குப் பின் விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

ஐந்து சீட்டுகளும் இப்போது சங்கப் பாஸ்புத்தகத்தோடு தகரப் பெட்டியில் இருக்கின்றன. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது தகப்பனார் அவற்றை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "உங்கம்மாளுக்கும் சேத்து ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு தறிக்குள் இறங்கி அமர்ந்தார்.

அங்கத்தினர்களே! பாவு முடிவதற்குக் காத்திருக்கலாம். அது முடியத்தான் முடியும். மனிதர் காத்திருப்பார்கள் என்பதற்கு மட்டும் எந்தச் சங்கமும் ஜாமீன் நிற்க இயலாது. உங்கள் வீட்டிலும் நெடுநாளாகச் சொல்லிவைத்த ஓர் ஆசை இருக்கக்கூடும். அதன் பெயரில் இந்த மாதமே ஒரு வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள்.