பனை ஏறும் தாத்தா தண்ணீர் குடித்தாரா?

குழந்தைகளே! கோடை விடுமுறையில் தூத்துக்குடி, உடன்குடி பக்கம் போனவர்கள் பதநீர் குடித்திருப்பீர்கள். பனை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றித் தருவார்கள். ஓலை வாசனையோடு, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தால்... ஆகா! அந்தப் பதநீரை இறக்கி வந்தவர் அன்று எத்தனை அடி ஏறினார் என்று நினைத்துப் பார்த்தது உண்டா?

ஒரு கணக்குப் போடுவோம். (வாத்தியார் எழுதினால் கணக்கு இல்லாமல் இருக்குமா?) ஒரு பனையின் உயரம் 40 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 30 மரம் ஏறுகிறார். காலையில் பதநீர் இறக்க ஒரு முறை, மாலையில் பாளை சீவ ஒரு முறை. 40 x 30 x 2 = 2,400 அடி! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதைப் பதினொரு தடவை ஏறி இறங்கியதற்குச் சமம். அதுவும் படிக்கட்டு இல்லாமல், காலில் தளைநாரும், இடுப்பில் அரிவாள் பெட்டியுமாக! பதநீர் நன்றாக ஊறுவதோ பங்குனி, சித்திரை, வைகாசியில். அக்னி நட்சத்திரம் வருவதும் அப்போதுதான்.

இவ்வளவு வேலை செய்யும் உடம்பு சூடாகாதா? கட்டாயம் ஆகும். நம் தசைகள் வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வேலைக்குப் போகிறது. மீதி மூன்று பங்கும் வெப்பமாகி விடுகிறது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு! இந்தச் சூட்டைத் தணிக்க உடம்பு வைத்திருக்கும் வழிதான் வியர்வை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கையை மட்டும் நனைத்துக் கொண்டு, இரண்டு கைகளிலும் ஊதுங்கள். நனைந்த கைதான் சில்லென்று இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது கையில் உள்ள சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆக, வியர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தால் பலனில்லை. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். அதனால் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பு மேலும் மேலும் வியர்வையை வடிக்கும். கடும் வேலை செய்யும் பெரியவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கூட வெளியேறி விடலாம்.

போனதைத் திருப்பி ஊற்றாவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் நீர் குறையும். தலை சுற்றும், கண் இருட்டும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்பவர் அப்படியே உட்கார்ந்து கொள்ளலாம். 40 அடி உயரத்தில், மட்டைகளுக்கு நடுவே நிற்பவர் எங்கே உட்காருவார்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'தாகம் எடுத்தால் குடித்துக் கொள்ளலாம்' என்றுதானே நாம் இருக்கிறோம்? வெயிலில் வேலை செய்யும்போது தாகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து கதவைத் தட்டும். அதற்குள் உடம்பில் நீர் குறையத் தொடங்கியிருக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே மங்கிவிடும். "எனக்குத் தாகமில்லைடா பேராண்டி" என்று தாத்தா சொன்னால், அது அவருடைய நாக்கு சொல்வது. உடம்பு சொல்வது அல்ல.

மரத்தின் மேல் இருக்கும்போது இரண்டு கைக்கும் வேலை. செம்பைத் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியாது. ஆகவே குடிப்பதெல்லாம் கீழே இருக்கும்போதுதான். விடியற்காலையில் பழைய சோற்றைக் கரைத்து, உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு குடித்துவிட்டுப் புறப்படும் வழக்கம் நம் உழைப்பாளிகளுக்கு உண்டு. அதில் நீர் இருக்கிறது, உப்பு இருக்கிறது, கொஞ்சம் மாவுச்சத்தும் இருக்கிறது. வியர்வை நாக்கில் பட்டால் கரிக்கிறதல்லவா? அந்த உப்பு திரும்பக் கிடைக்க வேண்டாமா? நம் முன்னோர் சோதனைச்சாலை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்!

"ஐயா, அவரிடமே கலயம் கலயமாகப் பதநீர் இருக்கிறதே, அதைக் குடிக்கலாமே?" என்று ஒரு சுட்டி கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஒரு பட்டை குடிக்கலாம், தெம்புதான். ஆனால் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி ஆகிறது என்றால், அதில் எவ்வளவு இனிப்பு இருக்க வேண்டும்! இனிப்பு அதிகமான பானம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் செய்யும் வேலையை அது முழுவதும் செய்யாது. பாட்டிலில் விற்கும் கலர் பானங்களுக்கும் இதே கதைதான். (அம்மாவை நச்சரிப்பவர்கள் கவனிக்க!)

சரி, நீங்கள் பனை ஏறப் போவதில்லை. ஏறவும் கூடாது. ஆனால் தோப்பில் மாங்காய் பொறுக்குவீர்கள், பள்ளிப் பசுமைப்படையில் குழி வெட்டுவீர்கள், கன்றுக்குக் குடம் சுமப்பீர்கள். வெயிலில் இறங்குமுன் ஒரு தம்ளர் குடியுங்கள். பிறகு 9 முதல் 12 வயது உள்ளவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மில்லி வரை, அதாவது அரைத் தம்ளரோ ஒரு தம்ளரோ, குடித்தால் போதும். ஒரேயடியாகச் சொம்பு சொம்பாகக் கவிழ்க்காதீர்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், அதுவும் ஆபத்தாகும். நடுநடுவே உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக, கொஞ்சமாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

இன்னொன்று. வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் வேண்டும். மின்விசிறிக்கு அடியில் இருந்துவிட்டு, விடுமுறையின் முதல் நாளே நண்பகல் வரை தோப்பில் சுற்றாதீர்கள். வெயில் ஏறுமுன் காலை வேலையை முடித்துவிட்டு, சாயும் நேரத்தில்தான் மறுபடி மரத்துக்குப் போவார்கள் பனையேறிகள்.

வெயிலில் வேலை செய்யும் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

உங்கள் வீட்டுக்குத் தேங்காய் பறிக்கவோ, முருங்கைக் கிளை கழிக்கவோ ஒருவர் வருவார். தண்ணீர் கேட்கப் பல பேருக்குக் கூச்சம். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மரத்தில் கால் வைக்குமுன் ஒரு தம்ளர், இறங்கியதும் ஒரு தம்ளர். நீங்கள் எல்லாரும் குடிக்கும் அதே தம்ளரில், கையில் கொடுங்கள்.