மணமும் பூப்பும்: சுண்டெலியின் வளர்ச்சியிற் சமூகச் சூழல்

பூப்பெய்தல் என்பது உடலினுள்ளே முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்ட காலத்தில் நிகழ்வது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பரம்பரை அலகுகளும் ஊட்டமும் அக்காலத்தை நிர்ணயிக்கின்றன; சூழவுள்ள ஏனைய உயிர்களுக்கு அதிற் பங்கில்லை என்பதே இவ்வெண்ணத்தின் உட்கிடை. வீட்டுச் சுண்டெலியில் நிகழ்த்தப்பெற்ற ஆய்வுகள் இதனை மீள நோக்கச் செய்தன.

1967 இல் அமெரிக்க விலங்கியலாளரான ஜோன் வான்டன்பேர்க், பால்குடி மறந்த பெண் குட்டிகளை வளர்ந்த ஆணெலியுடன் வளர்த்தார். ஆணின்றி வளர்ந்தவற்றினும் அவை முந்திப் பூப்பெய்தின. 1969 இல், ஆணின் கழிவு படிந்த படுக்கைத் தூளை மட்டும் கூட்டில் இட்டபோதும் பூப்பு விரைவுபட்டது. செய்தியைச் சுமப்பது சிறுநீர் என்பது பின்னர் தெளிவாயிற்று. விதை நீக்கப்பட்ட ஆணின் சிறுநீருக்கு இவ்வாற்றல் இல்லை. 1977 இல் லொம்பார்டியும் வான்டன்பேர்க்கும் வெளியிட்ட முடிவு இன்னும் நோக்கற்பாலது: ஏனைய ஆண்களை அடக்கி வாழும் ஆணின் சிறுநீரே பூப்பை விரைவுபடுத்தியது, அடங்கி வாழும் ஆணின் சிறுநீர் அவ்வாறு செய்யவில்லை. ஆணெலிகளுக்கிடையிலான உறவுநிலை, அவற்றோடு பொருதாத ஓர் இளம் பெண்ணெலியின் சூலகத்தையே பாதிக்கின்றது.

இதற்கு எதிர்த்திசையிலும் மணம் தொழிற்படுகின்றது. நெருக்கமாக வாழும் பெண்ணெலிகளின் சிறுநீர் இளம் பெண்களின் பூப்பைப் பிற்படுத்தும். 1980 இல் மாசியும் வான்டன்பேர்க்கும் நெடுஞ்சாலை வளைவுகளுக்கிடையே தீவுகள் போல் அகப்பட்டிருந்த நிலத்துண்டுகளில் வாழ்ந்த எலிகளை ஆராய்ந்து, குடித்தொகை அடர்த்தி மிகும்போது பெண்களின் சிறுநீர் இத்தாமத ஆற்றலைப் பெறுவதைக் கண்டனர். எனவே இது ஆய்வுகூடக் கூட்டின் செயற்கை விளைவன்று. ஒரு கூட்டில் எத்தனை எலிகள், எப்பாலின எனக் கூறாது பூப்பு வயதை மட்டும் தரும் அட்டவணைகளை நாம் ஐயத்துடன் நோக்குவது இதனாலேயே.

மணம் மூளையை எவ்வாறு அடைகின்றது? நாசியிடைச் சுவரின் அடியில், 1813 இல் டென்மார்க்கின் ஜேக்கப்சன் விவரித்த சிறு உறுப்பொன்று உண்டு. சிறுநீர்ப் புரதங்களையும் அவை தாங்கிநிற்கும் சிறு மூலக்கூறுகளையும் அது உணர்கின்றது. அதன் நரம்புகள் துணை மணக்குமிழுக்குச் செல்கின்றன. அங்கிருந்து செய்தி அமிக்டலா வழியாகப் பரிவகக்கீழை அடைகின்றது. பரிவகக்கீழின் ஓமோன் கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பியின் ஓமோன்கள் சூலகத்தைத் தூண்டுகின்றன. சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜனால் கருப்பை பருக்கின்றது. ஆணெலியைச் சந்தித்த சில மணி நேரத்திலேயே குருதியில் கபச்சுரப்பி ஓமோன் உயர்வதையும், இரண்டு மூன்று நாட்களிற் கருப்பை பருப்பதையும் புரொன்சன் குழுவினர் 1970களிற் காட்டினர். பரிவகக்கீழை இயக்குவதிற் கிஸ்பெப்ரின் என்னும் பெப்ரைட்டுக்குரிய முதன்மை 2003 இல் வெளிப்பட்டது. அதன் வாங்கி பழுதுற்றால் எலியும் மனிதரும் பூப்பெய்துவதில்லை.

இவ்வொற்றுமையைக் கொண்டு, எலிக்கூட்டின் ஆதிக்க ஒழுங்கை மனித சமூகத்தின் இயல்பென நிறுவ முனைவோர் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. ஜேக்கப்சன் உறுப்பின் உணர்கலங்கள் தொழிற்பட இன்றியமையாத பரம்பரை அலகொன்று மனிதரிற் செயலிழந்துள்ளது. வளர்ந்த மனிதரில் அவ்வுறுப்பிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புத் தொடர்பும் காணப்படவில்லை. ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சிறுமியரின் பூப்பு வயது குறைந்து வந்தமை, ஊட்டமும் சுகாதாரமும் மேம்பட்டதனோடு தொடர்புடையது. வறிய வீட்டுப் பெண்பிள்ளைகளும் வசதிபடைத்த வீட்டுப் பெண்பிள்ளைகளும் வெவ்வேறு வயதிற் பூப்பெய்தினர் என்பதும் அக்காலப் பதிவுகளிற் காணக்கிடக்கின்றது.