துறை எண் கிடைக்காத வழங்கி நிரல்

கணினி வலையில் பிறருக்குப் பணி செய்யும் வழங்கி நிரல், முதற்கண் தனக்கென ஓர் எண்ணைப் பெறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் அதனைப் போர்ட் என்பர். கலங்கள் வந்தடையும் இடத்தைத் துறை என்னும் தமிழில் இதனைத் துறை எண் எனல் பொருத்தமே. இவ்வெண்கள் 0 முதல் 65535 வரை அமைவன. வலைப்பக்கம் வழங்கும் நிரல்கள் 80, 443 ஆகியவற்றில் காத்திருப்பது மரபு.

எண்ணைக் கேட்டுப் பெறும் செயலுக்குப் ‘பைண்ட்’ என்று பெயர், பிணித்தல் எனலாம். 1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பின் வழியே இம்முறை பரவிற்று. கேட்ட எண் வேறொரு நிரலின் கையில் இருப்பின், இயங்குதளம் மறுத்துவிடும். அம்மறுப்பைக் குற்றமெனக் கருதுவோர் பலர். உண்மையில் அது காவல்.

பெரும்பாலும் எண்ணைப் பற்றியிருப்பது அதே நிரலின் பழைய பதிப்பே. இங்கேதான் இடர் உளது. மறுப்பைச் சோதியாது மேற்செல்லுமாறு எழுதப்பட்ட நிரல், லினக்ஸ் தளத்தில் எவரும் அறியாத வேறோர் எண்ணில் சென்று காத்திருக்கும். திருத்திய நிரல் இயங்குகிறதென ஆசிரியர் நம்பியிருக்க, மாணவர் காண்பதோ பழைய மதிப்பெண் பட்டியல்! எனவே நிரலானது எண்ணையும் காரணத்தையும் தெளிவுறக் கூறி நின்றுவிடுதலே முறை. எண்ணை வைத்திருப்பது எந்நிரல் என்பதை லினக்ஸில் ‘எஸ்எஸ்’ என்னும் கட்டளை காட்டும்.

சிலபோது பழைய நிரல் நின்ற பின்னரும் மறுப்பு வரும். முடிந்த இணைப்பின் வழிதவறிய பொதிகள் புதிய இணைப்பில் புகுந்துவிடாதிருக்க, இயங்குதளம் சிறிது நேரம் அதனை நினைவில் வைத்திருத்தலே காரணம். லினக்ஸில் இது 60 வினாடி. பிணித்தற்கு முன்னரே ‘ரியூஸ்அட்ரஸ்’ என்னும் விருப்பத்தை அமைத்தால் இத்தடை நீங்கும். ஆயின் விண்டோஸில் அதே பெயருடைய விருப்பம், உயிரோடிருக்கும் நிரலின் எண்ணையே மற்றொன்று கவர இடந்தரும். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை மொழியாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

யூனிக்ஸ் வழித் தளங்களில் 1024-க்குக் குறைந்த எண்களுக்குத் தனியுரிமை வேண்டும் என்பது பொதுவிதி. அங்கே வருவது அனுமதி மறுப்பு. எண்ணை வைத்திருப்பவரைத் தேடிப் பயனில்லை.

மறுக்கப்பட்டதும் அடுத்த எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும் நிரல்களும் உள. நாடி வருவோர் குறித்த எண்ணையே அறிவராதலின், இவ்வழக்கம் பொது வழங்கிகட்கு ஏலாது. சோதனைக்கு மட்டும் 0 எனக் கேட்டால் போதும்; காலியான எண்ணொன்றை இயங்குதளமே தந்துவிடும்.