விமானிக்கு ஒரு பண்டிகைப் பரிசு: வாங்க வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

1930ஆம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டாவும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயது இளைஞரும் எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்டனர். எகிப்தின் அபூகீர் விமானத்தளத்தில் டாட்டா இறங்கியபோது, மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். தம்மிடம் இருந்த உபரி பிளக்கை டாட்டா எடுத்துக் கொடுத்தார். போட்டியில் வென்றவர் ஆஸ்பி. பின்னாளில், 1960இல், அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

இந்தியத் தனியார் விமானிகளின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த பரிசு ஒன்று இருந்ததாக நாம் அறியவில்லை. அதன் விலை சொற்பம். ஆனால் தேவை அறிந்து, தக்க நேரத்தில் தரப்பட்டது. தீபாவளி முதல் பொங்கல் வரை நீளும் இப்பருவத்தில், பறக்கும் மகனுக்கோ மகளுக்கோ வாழ்க்கைத் துணைக்கோ என்ன வாங்கித் தருவது என்று எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு அதே அளவுகோலையே நாம் பரிந்துரைக்கிறோம்.

முதலில் ஒரு வேறுபாடு

பொழுதுபோக்காகப் பறக்க விரும்புவோர் பெறுவது தனியார் விமானி உரிமம். இதற்குக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறத்தலும், மருத்துவத் தகுதிச் சான்றும், எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இவ்வுரிமத்தை வழங்குகிறது. உரிமம் பெற்றோரில் பெரும்பாலோர் சொந்தமாக விமானம் வைத்திருப்பதில்லை. ஃபிளையிங் கிளப்பின் விமானத்தை மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஓட்டுகின்றனர்.

ஆகவே பரிசுப் பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நலம். விமானி தம் பையில் எடுத்துச் செல்பவை ஒரு வகை. விமானத்தோடு பொருத்தப்படுபவை மற்றொரு வகை. முதல் வகையை எவரும் பரிசளிக்கலாம். இரண்டாம் வகையில் விமானத்தின் உரிமையாளர்கூடத் தாமாக எதையும் மாற்ற இயலாது. விளக்கு ஒன்றை எல்.இ.டி. விளக்காக மாற்றுவதாயினும், அது அந்த விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பாகமாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் அதைப் பொருத்தி ஆவணத்தில் பதிய வேண்டும். எடை மாறினால் எடைச் சமநிலைக் கணக்கும் திருத்தப்பட வேண்டும்.

செவியைக் காக்கும் கருவி

விமானிகளின் விருப்பப் பட்டியலில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது ஹெட்செட். ஒற்றை இன்ஜின் விமானத்தின் உள்ளே இரைச்சல் பல நேரங்களில் 85 டெசிபலைத் தாண்டும். அத்தகைய இரைச்சலில் நீண்ட காலம் பறப்பதால் ஏற்படும் செவித்திறன் இழப்பு மீளாதது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஆணையைத் தவறாகக் கேட்பது அதனினும் உடனடியான ஆபத்து.

ஹெட்செட்டில் இரு வகை உண்டு. ஒன்று, காதை இறுக மூடி ஒலியைத் தடுப்பது. மற்றொன்று, உள்ளே வரும் இரைச்சலுக்கு எதிரான ஒலியலையை மின்னணு முறையில் உண்டாக்கி அதைத் தணிப்பது. இரண்டாவது, இன்ஜினின் தாழ்ந்த உறுமலை நன்கு குறைக்கும். விலையோ பல மடங்கு. முன்னணி நிறுவனங்களின் உயர்தர ஹெட்செட்டுகள் ஆயிரம் டாலரைத் தாண்டுகின்றன. வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பது கட்டாயம்: அவர் ஓட்டுவது விமானமா, ஹெலிகாப்டரா? சிறு விமானங்களில் வழக்கமாக இரண்டு பிளக்குகள் செருகப்படும்; ஹெலிகாப்டர்களில் ஒன்றே. பிளக் மாறினால் பரிசு பெட்டியிலேயே உறங்கும்.

சிறிய விலை, பெரிய காவல்

சிறு விமானங்கள் பலவற்றில், விமானி அறையைச் சூடாக்கும் காற்று, இன்ஜினின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறை வழியே வருகிறது. அக்குழாயில் விரிசல் கண்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் புகும். விமானி மயங்குவதை அவரே உணரமாட்டார். 2019 ஜனவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்த சிறு விமானத்தில் கால்பந்து வீரர் எமிலியானோ சலா உயிரிழந்தார். அவரது இரத்தத்தில் இந்த வாயு கலந்திருந்த அளவு 58 விழுக்காடு என்று பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவிகளை இத்தகைய விமானங்களில் கட்டாயமாக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

குளிர்காலக் காலை வேளைகளில் வடமாநில விமானத்தளங்களிலிருந்து பறப்போர் இந்தச் சூடேற்றியைப் பயன்படுத்துகின்றனர். நிறம் மாறும் அட்டை மலிவானது. ஆனால் சில மாதங்களில் பயனற்றுப் போகும், விமானி அதைப் பார்த்தால்தான் பயன். ஒலியெழுப்பும் மின்னணுக் கருவி சற்று விலை கூடியது. ஆனால் கவனத்தைத் தானே ஈர்க்கும். ஒலி கேட்டவுடன் சூடேற்றியை நிறுத்தி, வெளிக்காற்றைத் திறந்துவிட்டு, அருகிலுள்ள தளத்தில் இறங்குவதே முறை. நமது பட்டியலில் முதல் பரிந்துரை இதுவே.

அடுத்தது, எரிபொருளைச் சோதிக்கும் சிறு கண்ணாடிக் குப்பி. பாதி நிரம்பிய தொட்டியில் ஈரம் படிந்து நீராவதும், மூடியின் இடுக்கு வழியே மழைநீர் கசிவதும் மழை மிகுந்த நம் நாட்டில் இயல்பு. பறக்குமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருள் வடித்துப் பார்த்தால், நீல நிற ஏவ்கேஸின் கீழே நீர் தனியாகத் தங்கி நிற்பது தெரியும்.

தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகையும், ஒளியைக் கூட்டிக் குறைக்கத்தக்க கைவிளக்கும் எந்த விமானிக்கும் உதவும். வரைபடம் காட்டும் டேப்லெட் கணினியை இன்று பலரும் விரும்புகின்றனர். ஆனால் ஐபேட் போன்றவை 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலுக்கே உகந்தவை. நம் ஊர் வெயில் கண்ணாடி வழியே விழும் விமானி அறையில் அவை சூடேறி அணைந்துவிடக்கூடும். எனவே டேப்லெட்டோடு ஒரு காகித வரைபடத்தையும் சேர்த்தே தருவது அறிவுடைமை.

அனுமதியின்றி வாங்கக்கூடாதவை

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கும் பரிசுகளில்தான் பெருந்தவறு நேர்கிறது. செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அங்குள்ள விமானிகள் அவற்றைப் பெரிதும் விரும்புகின்றனர். இந்தியாவிலோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ இத்தகைய கருவியையோ வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டுள்ளனர். அன்போடு பெட்டியில் வைத்து எடுத்துவருபவருக்கே வழக்கு வந்து சேரும்.

விமான அலைவரிசையில் பேசும் கையடக்க வானொலிக் கருவிக்கும் உரிமம் வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி பயனுள்ளதே. ஆயினும் இந்தியாவில் பயன்படுத்துவதற்கான குறியீட்டுடன், பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் கட்டுப்பாட்டு மையத்தில் அது பதிவு செய்யப்பட வேண்டும். வேறு நாட்டில் பதிவான கருவி அபாயக் குரல் எழுப்பினால், முதலில் அந்த நாட்டில் விசாரணை தொடங்கும். தேடுதலில் பொன்னான நேரம் வீணாகும்.

பணத்தை எவ்வாறு திரட்டுவது?

ஹெட்செட் போன்ற பொருளுக்குக் கடன் வாங்குவதை நாம் ஊக்குவிப்பதில்லை. மாதம் ரூ.5,000 வீதம் ஓராண்டு தொடர் வைப்பில் செலுத்தினால் அசல் மட்டுமே ரூ.60,000 சேரும். இந்தப் பண்டிகைக்கு எழுதுபலகையும் வாயு எச்சரிக்கைக் கருவியும் தந்துவிட்டு, அடுத்த பண்டிகைக்கான கணக்கை இன்றே தொடங்கலாம்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்குவோர், அட்டையில் காணும் டாலர் விலையோடு நாணய மாற்றுக் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்க வரி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று குறித்துத் தூதஞ்சலில் அனுப்பும் பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். பழுது நீக்க மறுபடி கடல் கடந்து அனுப்புவது பெருஞ்செலவு.

பட்டியலில் இடம்பெறாத பரிசு

எந்த விமானியும் கேட்டுப் பெறாத, ஆனால் குடும்பத்துக்கு மிகவும் தேவையான ஒன்று உண்டு. தனிநபர் விபத்துக் காப்பீடுகளிலும், ஆயுள் காப்பீட்டோடு சேர்க்கப்படும் விபத்து இணைப்புகளிலும், கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு விதமாக விமானத்தில் பறக்கும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு இல்லை என்ற விதிவிலக்கு பொதுவாகக் காணப்படுகிறது. விமானி இருக்கையில் அமர்பவர் பயணி அல்லர். பல ஆண்டுகள் தவணை செலுத்திய பின்னும், பறக்கும் நேரத்தில் அக்காப்பீடு துணை நில்லாது போகலாம்.

ஆகவே இப்பருவத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்து, விதிவிலக்குப் பகுதியைக் குடும்பத்தோடு படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். புதிய காப்பீடு எடுக்கும்போது பறக்கும் பழக்கத்தை விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். கூடுதல் தவணை கேட்கப்படலாம். ஆயினும் மறைத்ததால் உரிமைக்கோரல் மறுக்கப்படுவதைவிட அது மேல்.

இவை அனைத்தும் ஏற்கெனவே இருக்கும் நல்வாய்ப்புடையவருக்கு, ஃபிளையிங் கிளப்பில் பயிற்றுநருடன் ஒரு மணி நேரம் பறப்பதற்கான கட்டணத்தைப் பரிசளிக்கலாம். நெடுநாள் பறக்காத விமானியின் கைத்திறன் மங்கும். அதை மீட்டுத் தரும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. வாங்குமுன் அவரிடம் ஒரு முறை கேளுங்கள்: “அடுத்த முறை பறக்கும்போது உன்னிடம் இல்லாமல் போகக்கூடாதது எது?” அபூகீரில் ஆஸ்பியிடம் இதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அவர் சொல்லியிருக்கக்கூடிய விடை ஒரு ஸ்பார்க் பிளக் மட்டுமே.