மீதியில் ஒளிந்திருக்கும் ஓரவஞ்சனை

‘சி மொழியில் 1 முதல் 6 வரை ஏதாவது ஓர் எண் வேண்டுமென்றால், ராண்ட் என்ற சார்பு தரும் எண்ணை 6ஆல் வகுத்து மீதியோடு 1 கூட்டச் சொன்னார்கள். அது சரிதானா?’ என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார்.

பகடை விளையாட்டுக்குச் சரிதான். நான் சொல்ல விரும்புவது அந்த மீதியைப் பற்றி.

பல கணினிகளில் ராண்ட் 0 முதல் 32767 வரைதான் எண் தரும். மொத்தம் 32768 எண்கள். விண்ணப்பித்த 10000 பேரில் ஒருவரைப் பொறுக்க வேண்டும் என்று வையுங்கள். 10000ஆல் வகுத்தால் மூன்று முழுச் சுற்று போக 2768 எண்கள் மிஞ்சும். அந்த மிச்சம் முழுவதும் வரிசையில் முதல் 2768 பேருக்கே போய்ச் சேருகிறது. அவர்களுக்கு நான்கு வாய்ப்பு, பின்னால் நிற்கும் 7232 பேருக்கு மூன்றுதான். நிரலை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பிழைச்செய்தி வராது.

எங்கள் பாட்டி அதிரசம் பங்கிடும்போது, எல்லோருக்கும் இன்னொரு சுற்று வராது என்று தெரிந்தால் மிச்சத்தைச் சம்படத்தில் போட்டு மூடிவிடுவார். பைத்தான் மொழியின் ராண்ட்இன்ட் என்ற சார்பு செய்வதும் அதுவே. ஆறு முகப் பகடைக்கு அது மூன்று பிட், அதாவது மூன்று இரும இலக்கம், எடுக்கும். 0 முதல் 7 வரை ஏதாவது வரலாம். 6 அல்லது 7 வந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுக்கும். வகுத்தலும் இல்லை, மீதியும் இல்லை.

வீட்டு மனைக்கும் பள்ளி இடத்துக்கும் கணினிக் குலுக்கல் நடக்கிற காலம் இது. வரிசை எண் முன்னால் இருப்பதாலேயே ஒரு குழந்தைக்கு வாய்ப்பு கூடுவது அநியாயம். மீதி முறையைக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கையும் அன்றைக்கே கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்.

குலுக்கலுக்கு ராண்ட்இன்ட்டும் போதாது. அதன் அடியில் ஓடுவது மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர். எண்களைச் சீராகப் பரப்புவதில் கெட்டிக்கார முறை. ஆனால் அது தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624ஐப் பார்த்தவர், இனி வரப்போகும் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். இப்படி ஊகிக்க முடியாத எண்களுக்கென்றே பைத்தான் 3.6 முதல் சீக்ரெட்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் ராண்ட்பிலோ என்ற சார்பிடம் 10000 என்று கொடுத்தால் 0 முதல் 9999 வரை ஓர் எண் தரும். 1 கூட்டிக்கொள்ளுங்கள்.